சிங்கப்பூரும் துபாயும் திருச்சியிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம்தான்

எங்கள் பக்கம் யார் வெளிநாடு கிளம்பினாலும் கேட்கிற முதல் கேள்வி “எத்தனை மணி நேரம்?” என்பதுதான். அடுத்தது “எவ்வளவு தூரம்?” இரண்டுக்கும் போனில் தட்டினால் உடனே பதில் வந்துவிடுகிறது. திருச்சி–சிங்கப்பூர் என்று போட்டால் ஏறக்குறைய 2,980 கிலோமீட்டர், நாலு மணி நேரம். திருச்சி–துபாய் என்று போட்டால் ஏறக்குறைய 2,940 கிலோமீட்டர், அதுவும் நாலு மணி நேரம்தான். பதில் சரிதான். ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பிக் கிளம்புகிறவர்கள் படுகிற பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார், தம்பி துபாயில். அப்பா அம்மாவோடு நான் கொரடாச்சேரி பக்கத்தில், வயலையும் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருக்கிறேன். ஒரு வீட்டில் ஒரு ஆள் கிழக்கே, ஒரு ஆள் மேற்கே என்பது திருவாரூர், மன்னார்குடி, கூத்தாநல்லூர், பாபநாசம், அய்யம்பேட்டை பக்கமெல்லாம் சாதாரணம். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, கருமாதி என்று எது வந்தாலும் ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடுவதும் கூட்டிக்கொண்டு வருவதும் என் பொறுப்பு. அப்படிப் போய் வந்து பழகியதில் தெருக்காரர்களும் டிக்கெட்டைக் கொண்டுவந்து நீட்டி, “எத்தனை மணிக்கு வீட்ட விட்டுக் கிளம்பணும்னு பாத்துச் சொல்லு” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

முதலில் டிக்கெட்டைப் படிப்பது. அம்மா ரொம்ப நாளாக ஒரு வருத்தத்தில் இருந்தார். தம்பியின் டிக்கெட்டில் திருச்சியில் ராத்திரி 9 மணிக்குக் கிளம்பி 11:50-க்குத் துபாய் என்று இருக்கும். அண்ணனுடையதில் ராத்திரி 1:30-க்குக் கிளம்பி காலை 8:10-க்குச் சிங்கப்பூர் என்று இருக்கும். “சின்னவன் மூணு மணி நேரத்துல போயிடறான், பெரியவன்தான் பாவம், ஆறேழு மணி நேரம் உக்காந்துகிட்டே போறான்” என்பார். டிக்கெட்டை அப்படியே படிக்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். உண்மையில் பெரியவர் உட்கார்ந்திருப்பது நாலு மணி பத்து நிமிடம், சின்னவன் உட்கார்ந்திருப்பது நாலு மணி இருபது நிமிடம். சின்னவனுக்குத்தான் பத்து நிமிடம் கூடுதல்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் டிக்கெட்டைக் கையில் வாங்கும்போது ஞாபகம் வராது. டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்புகிற ஊரின் கடிகாரப்படி, சேரும் நேரம் சேருகிற ஊரின் கடிகாரப்படி. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். அதனால் சிங்கப்பூர் போகும்போது டிக்கெட்டில் பயணம் நீண்டு தெரியும், திரும்பி வரும்போது சுருங்கிவிடும். சிங்கப்பூர் ஏர்போர்ட்டான சாங்கியில் ராத்திரி 8:30-க்குக் கிளம்புகிற விமானம் திருச்சிக்கு 10:20-க்கு வருகிறது என்று போட்டிருந்தால், ரெண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அங்கே 8:30 என்றால் இங்கே மாலை 6 மணி. 6-லிருந்து 10:20 வரை, நாலு மணி இருபது நிமிடம். துபாய் இதற்கு நேர் எதிர். போகும்போது சுருங்கும், வரும்போது நீளும். அங்கே ராத்திரி 1 மணிக்கு ஏறினால் இங்கே காலை 6:30-க்கு இறங்குவார்கள், பார்க்க அஞ்சரை மணி நேரம் போல இருக்கும், பறப்பது நாலு மணி நேரம்.

நான் செய்வது ஒன்றே ஒன்று. எந்த டிக்கெட் வந்தாலும் பென்சிலால் இரண்டு நேரத்தையும் நம்மூர் நேரத்துக்கு மாற்றி ஓரத்தில் எழுதிவிடுவேன், அப்புறம்தான் மற்ற யோசனையெல்லாம். வீட்டில் போன் பேசுவதற்கும் இது உதவும். நமக்குக் காலை 5:30 ஆகும்போது அண்ணனுக்கு 8 மணி, தம்பிக்கு விடிகாலை 4 மணி. அம்மா மூன்று ஊர் நேரத்தையும் காலண்டர் பக்கத்தில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறார், தம்பியைத் தூக்கத்தில் எழுப்புவது அதோடு நின்றது.

இதைவிடப் பெரிய சிக்கல் தேதி. திருச்சியில் வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டித்தான் கிளம்பும். எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு முதல் வேலை, முதல் பயணம். டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00:40 என்று இருந்தது. டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் தேதியைச் சொன்னாரே தவிர, 14-ஆம் தேதி சாயங்காலமே கிளம்பணும் என்று சொல்லவில்லை. 15-ஆம் தேதி காலையில் குலதெய்வம் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வந்து, மதியம் என்னிடம் டிக்கெட்டைக் காட்டினான். விமானம் அதற்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டது. அவன் அம்மா திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குக் கடைசி நேர விலையில் இன்னொரு டிக்கெட் எடுக்க, கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார் அந்த அக்கா. அதற்கு அப்புறம் யாருக்கு எழுதிக் கொடுத்தாலும் தேதியை மட்டும் எழுதுவதில்லை. “புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை ஆறரைக்கே முடி. ஏழு மணிக்குக் கார் வரும். வியாழன் பிறக்கும்போது நீ உள்ளே உட்கார்ந்திருக்கணும்” என்று கிழமையோடு, சாப்பாட்டோடு சேர்த்து எழுதிக் கொடுப்பேன். 00:01 முதல் 03:00 வரை எந்த நேரம் போட்டிருந்தாலும், அதற்கு முந்தைய நாள் சாயங்காலம்தான் உங்கள் பயண நாள்.

தூரத்துக்கு வருகிறேன். ஒரே பயணத்துக்கு ஒரு தளம் 2,980 என்று போடும், இன்னொன்று 1,850 என்று போடும், வேறொன்று 1,610 என்று போடும். மூன்றும் ஒன்றுதான். முதலாவது கிலோமீட்டர், அடுத்தது மைல், மூன்றாவது கடல் மைல். கடல் மைல் ஒன்றுக்கு 1.852 கிலோமீட்டர், விமானக்காரர்கள் கணக்குப் போடுவது அதில்தான். இந்தத் தூரமெல்லாம் பூமி உருண்டைமேல் நூலை இழுத்துப் பிடித்து அளக்கிற தூரம். பள்ளிக்கூட உலக உருண்டையில் நீங்களே ஒரு நூலைப் பிடித்துப் பார்க்கலாம். விமானம் அந்த நூல்மேலேயே போவதில்லை, வான்வழிப் பாதைகள், மழை மேகம், இறங்கும் வரிசை என்று கொஞ்சம் வளைந்துதான் போகும்.

நேரம் எப்படி வருகிறது என்றால், இந்தத் தளங்கள் பெரும்பாலும் தூரத்தை மணிக்கு 850 கிலோமீட்டர் போல ஒரு வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் சேர்த்துச் சொல்கின்றன. 2,980-ஐ 850-ஆல் வகுத்தால் மூன்றரை, அதோடு அரை, நாலு மணி நேரம். டிக்கெட்டில் நாலேகால் என்று இருப்பதற்குக் காரணம், நிற்கிற இடத்திலிருந்து விமானம் பின்னால் நகர்ந்ததிலிருந்து, போய்ச் சேர்ந்து நிறுத்துகிற இடத்தில் நிற்கிற வரைக்கும் அதில் கணக்கு. சக்கரம் தரையில் உருளுகிற நேரமும் சேர்த்தி.

காற்றும் ஒரு காரணம், டெல்டாக்காரர்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஆடி மாதம் நம் வயலில் அடிக்கிற காற்று மேற்கிலிருந்து கிழக்கே போகும், தென்னை மட்டையெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். அதே நேரத்தில் பல கிலோமீட்டர் உயரத்தில், தென்னிந்தியாவுக்கு மேலே, கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பலத்த காற்று ஓடுகிறது. பி. கோடீஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர் 1958-இல் இந்தக் கீழைக்காற்றைப் பற்றி எழுதினார். அதன் உச்ச வேகம் விமானம் பறக்கிற உயரத்துக்கும் மேலேதான், ஆனாலும் அதன் தள்ளல் கீழேயும் கொஞ்சம் கிடைக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்குவதை நான் கவனித்திருக்கிறேன். பனிக்காலத்தில் துபாய் பக்கம் மேலே மேற்குக்காற்று பலமாக இருக்கும், போகிறவர்களுக்கு எதிர்க்காற்று, வருகிறவர்களுக்குப் பின்காற்று. தம்பி போக நாலு இருபதும் வர நாலு மணி நேரமும் ஆவது இதனால்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் இருக்கிறவர்கள் இப்போது போனில் விமானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து சார்ஜா கிளம்பிய விமானம் ஒன்றில் ஹைட்ராலிக் கோளாறு வந்து, ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் நம் வானத்திலேயே வட்டமடித்துவிட்டு, 141 பேரோடு பத்திரமாகத் திருச்சியிலேயே இறங்கியது. அன்று ராத்திரி எங்கள் பக்கம் எத்தனை வீட்டில் தூக்கம் போனது என்று எனக்குத் தெரியும். வட்டமடித்தது எரிபொருளைத் தீர்க்க. நாலு மணி நேரப் பயணத்துக்கு நிரப்பிய எரிபொருளோடு உடனே இறங்கினால் எடை அதிகம், போயிங் 737-இல் அதை வானத்தில் கொட்டுகிற வசதியும் கிடையாது. ஒரு விமானம் சுற்றிக்கொண்டே இருப்பதைத் திரையில் பார்த்தால் பதறாதீர்கள், பெரும்பாலும் இறங்குவதற்கான ஏற்பாடு அது, அல்லது வரிசைக்குக் காத்திருக்கிறது.

சரி, வானத்தை விட்டுத் தரைக்கு வருவோம். உண்மையில் நம் பயணத்தில் நேரம் பிசகுவது அங்கேதான். எங்கள் வீட்டிலிருந்து திருச்சி ஏர்போர்ட் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். நாகப்பட்டினத்திலிருந்து 140 போல, மயிலாடுதுறையிலிருந்து 130 போல, வேதாரண்யம் இன்னும் தள்ளி. வரைபடம் எனக்கு இரண்டேகால் மணி நேரம் என்று சொல்லும். வரைபடத்துக்கு நீடாமங்கலம் கேட் தெரியாது. பயணிகள் ரயில் போனால் பத்து நிமிடம், சரக்கு ரயிலுக்கு என்ஜின் மாற்றிக்கொண்டிருந்தால் அரை மணி நேரம்கூடப் போய்விடும். கேட்டுக்கு இரண்டு பக்கமும் பஸ், லாரி, நெல் ஏற்றிய டிராக்டர், ஆம்புலன்ஸ் எல்லாம் நிற்கும். எதிர் வரிசையிலும் வண்டியை நிறுத்திவிடுவார்கள், கேட் திறந்த பிறகு அந்த முடிச்சு அவிழ இன்னொரு பத்து நிமிடம். பின் சீட்டில் பாஸ்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர் நிமிடத்துக்கு ஒரு தடவை போனை எடுத்து மணி பார்ப்பார். அதனால் நான் கிளம்பும் முன் அந்தப் பக்கம் டீக்கடை வைத்திருக்கிற பழக்கக்காரருக்கு ஒரு போன் போட்டுக் கேட்பேன். வண்டி நிற்கிறது என்றால் மன்னார்குடி, வடுவூர் வழியாகச் சுற்றிப் போகச் சொல்லிவிடுவேன். சில கிலோமீட்டர் கூடும், மனசு நிம்மதி.

தஞ்சாவூரிலிருந்து திருச்சி வரை நாலு வழிச்சாலை, ஐம்பத்தைந்து அறுபது கிலோமீட்டர், அங்கே கவலை இல்லை. துவாக்குடியில் ஊருக்குள் போகாமல் அரைவட்டச் சாலையில் திரும்பி மாத்தூர் போய், புதுக்கோட்டை சாலையில் ஏர்போர்ட்டுக்கு வந்துவிடலாம். திருவெறும்பூர், அரியமங்கலம் நெரிசல் மிச்சம். பஸ்ஸில் போகிறவர்கள் வழக்கமாக டிவிஎஸ் டோல்கேட்டில் இறங்கி ஆட்டோவோ புதுக்கோட்டை பஸ்ஸோ பிடிப்பார்கள். பஞ்சப்பூரில் புதுப் பேருந்து நிலையம் வந்த பிறகு எந்த வண்டி எதுவரை போகிறது என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுவடைக் காலத்தில் இன்னும் அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளணும். தை, மாசியில் கிராமச் சாலைகளில் ஒரு பக்கம் முழுக்க நெல் காயப் போட்டிருப்பார்கள், ராத்திரியில் தார்ப்பாய் போட்டு மூடி ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள், அறுவடை இயந்திரம் எதிரே வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயாகணும். அதே மாதங்களில் விடிகாலையில் மூடுபனி. திருச்சியில் பனி மூடினால் விமானம் இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திருப்பிவிடப்படுவதும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழையைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

ஆக, அண்ணனின் அந்த நாலு மணி பத்து நிமிடப் பயணத்தை வாசலிலிருந்து வாசலுக்கு எண்ணிப் பாருங்கள். 1:30 விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால், 10:30-க்கு ஏர்போர்ட். அதற்கு 8 மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்பணும். இறங்குவது நம் நேரம் 5:40. குடிநுழைவு, பெட்டி எல்லாம் முடிய 6:40. அங்கிருந்து ஈசூனில் உள்ள அவர் வீட்டுக்குப் போக 7:20. பதினோரு மணி நேரத்துக்கு மேல். அதில் விமானத்தில் போனது மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

தாத்தா காலத்துக் கதையைக் கேட்டால் இதெல்லாம் ஒன்றுமே இல்லைதான். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல். 1926-இல் கட்டிய கப்பல், 1970-களின் தொடக்கம் வரைக்கும் ஓடியது. கரைக்கு வராது, கடலுக்குள் தள்ளி நிற்கும், படகில் அலைமேல் போய்த்தான் ஏறணும். பினாங்கு, கிள்ளான் தொட்டுச் சிங்கப்பூர் போய்ச் சேர ஒரு வாரம் போல ஆகும். அதற்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் போக்குவரத்தே முடிந்தது. தாத்தா இரும்புப் பெட்டியோடு போனவர். அந்தப் பெட்டியில் இப்போது விதைநெல் இருக்கிறது.

அடிக்கடி வருகிற இன்னொரு கேள்வி, “சென்னையிலேருந்து போனா டிக்கெட் கம்மியாமே?” சில நாள் கம்மிதான். ஆனால் சென்னை–சிங்கப்பூர் ஏறக்குறைய 2,920 கிலோமீட்டர், திருச்சியைவிட 60 குறைவு, அவ்வளவுதான். பறக்கிற நேரத்தில் நாலைந்து நிமிடம். தரையில் எங்களுக்கு 100-க்குப் பதில் 300 கிலோமீட்டர். வழியனுப்ப ஒரு கார் நிறைய ஆள் வருவதாக இருந்தால் கார் வாடகை, சாப்பாடு, திரும்பி வரும் அலுப்பு என்று கணக்குப் பார்த்தால் டிக்கெட்டில் மிச்சமானது போய்விடும். தனியாளாக, ஒரு பெட்டியோடு போகிறவருக்கு மட்டும் வேறு கணக்கு. மன்னை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடிகாலையில் தாம்பரம். அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம். எதிரேதான் ஏர்போர்ட். செலவு மிகக் குறைவு. ஆனால் காலை 8 மணி விமானத்துக்கெல்லாம் இந்த ரயிலை நம்பக் கூடாது, மதியத்துக்கு மேலே உள்ள விமானம் என்றால் சரி.

லண்டன், மெல்போர்ன் என்று தூரமாகப் போகிறவர்கள் சென்னைதான் வழி என்று முடிவே கட்டிவிடுகிறார்கள். திருச்சி ஓடுதளம் ஏறக்குறைய 2,480 மீட்டர்தான், அவ்வளவு தூரம் போகிற பெரிய விமானங்கள் வழக்கமாக இங்கே வருவதில்லை என்பது உண்மை. 2024-இல் திறந்த புது முனையம் அழகாக, விசாலமாக இருந்தாலும் ஓடுதளம் பழைய நீளம்தான். ஆனால் திருச்சியிலிருந்து கொழும்பு 420 கிலோமீட்டர் போலத்தான், ஒரு மணி நேரம், நேர வித்தியாசமும் கிடையாது. சென்னைக்குப் பறப்பதும் ஒரு மணி நேரம்தான். கொழும்பு வழியாகவோ சிங்கப்பூர் வழியாகவோ மாறிப் போகிற டிக்கெட்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு நிபந்தனை, இரண்டு பயணமும் ஒரே டிக்கெட் எண்ணில் இருக்கணும். தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதுக்கு யாரும் பொறுப்பு இல்லை, பெட்டியையும் நடுவில் நீங்களே எடுத்து மறுபடி போடணும், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய விசா கேட்பார்கள். மாறும் ஊரில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் வயசானவர்களுக்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.

வயசானவர்கள் என்றதும் அம்மா அப்பாவை அண்ணன் வீட்டுக்கு அனுப்பியது ஞாபகம் வருகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை, ராத்திரி ஒன்று, காலையில் ஒன்று. இறங்குகிற இடத்தில் 8 மணி, உடம்புக்கு அஞ்சரைதான். டாக்டரிடம் டிக்கெட்டையே கொண்டுபோய்க் காட்டி எந்த வேளை எதை எப்போது என்று எழுதி வாங்கினோம், நீங்களும் அப்படியே செய்யுங்கள், அவரவர் மாத்திரைக்கு அவரவர் டாக்டர் சொல்வதுதான். மாத்திரையும் சீட்டும் கைப்பையில் இருக்கணும், பெரிய பெட்டியில் போடக் கூடாது. கட்டணம் குறைந்த விமானங்களில் சாப்பாடு தனிக் காசு. அதனால் பொடி தடவிய இட்லி நாலு கட்டிக் கொடுத்தேன், பரிசோதனையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர், சாம்பார், ஊறுகாய் எண்ணெய் எல்லாம் 100 மில்லிக்கு மேல் கையில் விடமாட்டார்கள். கொப்பரைத் தேங்காய் சூடாகித் தீப்பிடிக்கும் பொருள் வகையில் வருகிறது, அதைப் பெட்டியிலும் போடாதீர்கள். முட்டிவலி உள்ளவர்களுக்குச் சக்கர நாற்காலி கேட்கக் கூச்சப்பட வேண்டாம். டிக்கெட் எடுக்கும்போதே, குறைந்தது இரண்டு நாள் முன்னாலாவது சொல்லிவிட்டால் திருச்சியிலும் ஆள் வருவார், சாங்கியிலும் ஆள் வருவார். சாங்கியில் நடக்கிற தூரம் நம் தெருவை நாலு தடவை சுற்றுகிற அளவு இருக்கும்.

சிங்கப்பூருக்கு வருகைப் படிவம் ஒன்று இணையத்தில் நிரப்பணும், போய்ச் சேருகிற நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள். அந்நாட்டுக் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் அதற்குக் கட்டணமே கிடையாது. அதற்குக் காசு கேட்கிற தளங்களும் ஆட்களும் இருக்கிறார்கள், கொடுக்காதீர்கள்.

திரும்பி வருகிறவர்களைக் கூப்பிடப் போவதற்கும் ஒரு கணக்கு உண்டு. விமானம் அங்கே கிளம்பிவிட்டதா என்று ஃபிளைட்ராடார்24 போன்ற செயலியில் பார்ப்பேன். கிளம்பியது உறுதியானால்தான் நேரம் உறுதி, டிக்கெட்டில் இருப்பது எதிர்பார்ப்பு மட்டும்தான். அது மேலே ஏறியதிலிருந்து இறங்க நாலு மணி நேரம், பெட்டி எடுத்து வெளியே வர முக்கால் மணி நேரம், அதில் எனக்குச் சாலைக்கு இரண்டரை மணி நேரம். அதனால் சாங்கியில் கிளம்பி இரண்டு மணி நேரம் ஆன பிறகு நான் வீட்டைவிட்டுக் கிளம்பினால் சரியாக இருக்கும். அதற்குள் காருக்கு டீசல் போட்டு, டிக்கியைக் காலி செய்து, பின் சீட்டில் குழந்தைகளுக்கு ஒரு தலையணை போட்டுவிடுவேன். கூட இன்னொருவர் வந்தே ஆகணும் என்று அடம்பிடித்தால் மட்டும் இரண்டாவது வண்டி, ஏனென்றால் ஆளுக்கு 30 கிலோ பெட்டியோடு நாலு பேர் வந்தால் ஒரு காரில் அடங்காது.